சனிக்கிழமையே வந்திருக்கணும்

கோர்ட்டில் மொழிபெயர்ப்பு வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, போன வாரம் உங்களில் ஒருத்தி என் வீட்டுக்கு வந்து ஒரு சந்தேகம் கேட்டாள். ‘அவர் அன்னைக்கு வருவதாக இருந்தது’ என்று ஒரு சாட்சி சொல்லியிருக்கிறார். அதை இங்கிலீஷில் ‘வாஸ் டு கம்’ என்று எழுதுவதா, ‘வாஸ் டு ஹேவ் கம்’ என்று எழுதுவதா? நான் உடனே, ‘வந்தாரா, வரலையா?’ என்று கேட்டேன். அவள் திருதிருவென்று விழித்தாள். ‘அத சாட்சி சொல்லலியே மேடம்’ என்றாள். காபியைக் கொடுத்து, முதலில் போய்ச் சாட்சியைக் கேட்டுவிட்டு வா என்று அனுப்பிவிட்டேன். கோபமாக அனுப்பினேன் என்று அவள் உங்களிடம் சொல்லியிருப்பாள். கோபம்தான். ஆனால் அவள்மேல் இல்லை. அவள் வயதில் அதே கேள்வியைக் கேட்காமல் விட்ட ஒருத்தியின் மேல்.

இலக்கணம் பெரிய கம்பசூத்திரம் ஒன்றும் இல்லை. நடக்கும் என்று நினைத்து நடக்காமல் போனதைச் சொல்ல, இங்கிலீஷ்காரன் வினைச்சொல்லை ஒரு படி பின்னால் தள்ளி வைக்கிறான். ‘ஐ ஹோப்டு’ என்றால் நம்பினேன். நடந்ததா இல்லையா என்பது கேட்பவனுக்குத் தெரியாது. ‘ஐ ஹேட் ஹோப்டு’ என்றால் நம்பியிருந்தேன், நடக்கவில்லை. ‘வாஸ் டு கம்’ என்றால் வருவதாக இருந்தது, வந்தும் இருக்கலாம். ‘வாஸ் டு ஹேவ் கம்’ என்றால் வரவில்லை, அவ்வளவுதான். எனக்கே உலகச் சண்டைக் காலத்தில் ஒரு கல்யாணம் நடப்பதாக இருந்தது. பந்தக்கால் வரைக்கும் நட்டாயிற்று. பட்டாளத்துக்குப் போன மாப்பிள்ளை அங்கேயே ஒரு நர்ஸைக் கட்டிக்கொண்டார் என்று கடிதம் வந்தது. அந்தக் கல்யாணத்துக்கு ‘வாஸ் டு ஹேவ்’ போட வேண்டும். நீங்கள் சிரிக்கலாம். நான் சிரித்து முடித்து ரொம்ப வருஷமாயிற்று.

கல்யாணம் நின்றதால்தான், நாசரேத்து மிஷன் பள்ளியில் படித்த இங்கிலீஷையும் அங்கேயே கற்ற டைப்பிங்கையும் வைத்துக்கொண்டு தூத்துக்குடிக்கு வேலைக்கு வந்தேன். கடற்கரைச் சாலையில் ஒரு கப்பல் கம்பெனி. பெயர் வேண்டாம், கம்பெனியும் இப்போது இல்லை. ஆண்பிள்ளைகள் பட்டாளத்துக்குப் போய்விட்டதால் தற்காலிகம் என்று சொல்லி என்னை எடுத்தார்கள். சண்டை முடிந்தது. பட்டாளத்திலிருந்து ஆட்கள் திரும்பி வர ஆரம்பித்தார்கள். அந்த ஆபீஸில் இருந்த ஒரே பெண் நான், தற்காலிகமும் நான்தான். எப்போது சீட்டைக் கிழிப்பார்களோ என்று ஒவ்வொரு மாதக் கடைசியிலும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதனாலேயே என் டைப்பிங்கில் ஒரு அடித்தல் இருக்காது, ஒரு ரப்பர் தடம் இருக்காது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே.

கம்பெனிச் சரக்கை ஏற்றிக்கொண்டு பாய்மரத் தோணிகள் கொழும்புக்குப் போய்வரும். காற்று சரியில்லாவிட்டால் காயல், கொலசை என்று பக்கத்துத் துறைகளில் ஒதுங்கும். தோணியை நடத்துகிறவரைத் தண்டல் என்பார்கள். தோணிக்காரர்களோ அவர்கள் வீட்டாரோ ஏதாவது முறையிட வந்தால், சொல்வதைக் கேட்டு இங்கிலீஷில் எழுதி மேனேஜர் துரையிடம் அனுப்புவது என் வேலைகளில் ஒன்று. துரைக்குத் தமிழ் தெரியாது. காகிதத்தில் இருப்பதுதான் அவருக்கு உலகம்.

தை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ரோசம்மாள் வந்தாள். மிக்கேல் தண்டலின் மனைவி. அழவில்லை, சத்தம் போடவில்லை. என் மேசைக்கு முன்னால் நின்று, சொல்ல வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தவள் மாதிரிச் சொன்னாள்.

“வியாழக்கிழம கொழும்புல பாய் எடுத்தாச்சுன்னு தந்தி வந்துச்சும்மா. சனிக்கிழமையே வந்திருக்கணும். அவுக இன்னும் வீடு வந்து சேரல. எப்பிடியாவது ஆளத் தேடித் தாங்கம்மா.”

நான் அடிக்க ஆரம்பித்தேன். ‘வந்திருக்கணும்’ என்ற இடத்தில் கை கொஞ்சம் நின்றது. முதலில் ‘ஷுட்’ என்று அடிக்கப்போனேன். ஆனால் எங்கள் பள்ளியில் இலக்கணம் எடுத்த அம்மா, ‘ஷல்’லும் ‘ஷுட்’டும் ‘நான்’, ‘நாங்கள்’ என்பதற்கு மட்டும்தான் என்று ஸ்கேலால் அடித்துச் சொல்லிக்கொடுத்திருந்தார். தோணிக்கு எப்படி ‘ஷுட்’ போடுவது? அதே அம்மா கரும்பலகையில் எழுதிப்போட்ட பட்டியலில் ‘வேண்டும்’ என்பதற்கு நேராக ‘மஸ்ட்’ என்று இருந்தது. வந்திருக்க வேண்டும், ‘மஸ்ட் ஹேவ் கம்’. கச்சிதமாக உட்கார்ந்தது. தோணி வியாழக்கிழமை புறப்பட்டது, சனிக்கிழமை ‘மஸ்ட் ஹேவ் கம்’, தண்டல் வீட்டுக்கு வரவில்லை, அவரைத் தேடித் தரும்படி மனைவி வேண்டுகிறாள். நாலு வரி, ஒரு அடித்தல் இல்லை.

எழுதியதைத் தமிழில் திருப்பி வாசித்துக்காட்டிவிட்டுத்தான் கைநாட்டு வாங்க வேண்டும் என்பது எங்கள் ஆபீஸ் வழக்கம். வாசித்தேன். ‘தோணி சனிக்கிழமை வந்திருக்கணும்.’ “ஆமாம்மா, அதேதான்” என்று சொல்லி ரோசம்மாள் பெருவிரலை மையில் ஒற்றினாள். இந்த இடத்தைக் கவனியுங்கள். இங்கிலீஷில் ஒன்று எழுதியிருக்கிறேன், அவள் நினைத்தது வேறு. தமிழில் திருப்பிச் சொன்னால் இரண்டுக்கும் அதே சொல்தான் வருகிறது. திருப்பி வாசித்துச் சரிபார்த்துவிட்டோம் என்று நீங்களும் ஒருநாள் நிம்மதியாக இருப்பீர்கள்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால், ‘அப்பா வந்திருக்கணும்’ என்கிறோம். அப்பா வந்துவிட்டார் என்று அர்த்தம். சோறு ஆறிப்போனால், ‘அப்பா அப்பவே வந்திருக்கணும்’ என்கிறோம். அப்பா வரவில்லை என்று அர்த்தம். ‘மஸ்ட் ஹேவ்’ செருப்புச் சத்தத்துக்கு மட்டும்தான் பொருந்தும். நான் அதைக் கொண்டுபோய் ஆறிப்போன சோற்றுக்குப் போட்டேன். அந்த அம்மா ஸ்கேலால் அடித்தாலும், ஆறிப்போன சோற்றுக்கு ‘ஷுட் ஹேவ்’தான்.

சாயங்காலம் காகிதம் திரும்பி வந்தது. ஓரத்தில் துரை பென்சிலால் ஒரே வரி எழுதியிருந்தார்: கள்ளுக்கடைகளில் தேடச் சொல்லவும்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கடலில் ஆளைக் காணோம் என்று ஒருத்தி வந்து நிற்கிறாள், இந்த மனுஷனுக்குக் கடற்கரை ஆள் என்றாலே குடிகாரன்தானா? தலைமைக் குமாஸ்தாவிடம் போய்ப் பொரிந்து தள்ளினேன். அவர் சாத்தான்குளத்துக்காரர், ஆபீஸில் எல்லோருக்கும் அண்ணாச்சி. “வெள்ளக்காரன் புத்தி அப்பிடித்தாம்ளா. நீ உன் சோலியப் பாரு” என்றார். நானும் துரையைத் திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போனேன். ஏன் அப்படி எழுதினார் என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். கோபம் வந்தால் யோசனை வராது என்பது எனக்கு அன்று தெரியவில்லை. இன்றும் சில நாள் தெரிவதில்லை.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு, கம்பெனியின் மோட்டார் லாஞ்சை ஓட்டும் சிராங்கு ஆபீஸுக்கு வந்தார். காயல்பட்டினத்துக்காரர். சிப்பி விளைச்சல் எப்படி என்று பார்க்க மதராஸிலிருந்து இரண்டு சர்க்கார் அதிகாரிகள் வந்திருந்தார்கள். அவர்களை ஏற்றிக்கொண்டு லாஞ்ச் பன்னிரண்டு மணிக்கு வடக்கே முத்துப்பார்களுக்கு, அதாவது சிப்பி விளையும் கடலடிப் பாறைத் திட்டுகளுக்கு, போவதாக இருந்தது. திரும்பி வர மூன்று நாளாகும். கம்பெனிக்கு அந்த ஒரு லாஞ்ச்தான். என்னிடம் பயண உத்தரவுச் சீட்டை வாங்கிக்கொண்டே சிராங்கு கேட்டார்.

“ஏம்மா, மிக்கேல் தண்டல் தோணி எங்கன வந்து கெடக்கு? காயலா, கொலசையா?”

“தோணி எங்க வந்துச்சு? அதத்தான் காணோமே” என்றேன்.

“காணோமா? தோணி சனிக்கிழமையே வந்துட்டு, ஆள்தான் வீட்டுக்குப் போவலன்னுல்லா தொரை சொல்லுதாரு. நீ எழுதின காயிதத்துலதான் அப்பிடி இருக்காம்.”

நகலை எடுத்துப் பார்த்தேன். முதல் தடவை படித்தபோது சரியாகத்தான் இருந்தது. இரண்டாம் தடவை, தமிழே தெரியாத ஒருவர் படிப்பதுபோல் படித்தேன். தோணி சனிக்கிழமை வந்து சேர்ந்திருக்கிறது, புருஷன் வீட்டுக்கு வரவில்லை, பெண்டாட்டி தேடுகிறாள். நானாக இருந்தாலும் கள்ளுக்கடையில் தேடு என்றுதான் எழுதியிருப்பேன். ஏழு பேர் போன தோணி. சனிக்கிழமையிலிருந்து ஐந்தாவது நாள். அதில் முழுசாக ஒரு நாளைத் தின்றவள் நான்.

அண்ணாச்சியிடம் ஓடினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வாசித்தார். தப்பு அவருக்கு உடனே புரிந்தது. குரலைத் தணித்துக்கொண்டார்.

“ஏளா, பதறாத. ‘முன்னால தோணி வந்துட்டுன்னு சொன்ன பொம்பள, இப்ப வரலைங்கா’ன்னு புதுசா ஒரு காயிதம் அடி. நான் கையெழுத்துப் போடுதேன். உன் பேரே வராது.”

அவர் கெட்டவர் இல்லை. என் வேலை போய்விடக்கூடாதே என்ற அக்கறையில் சொன்னார். பழியும் யார்மேல் விழும்? கைநாட்டு வைத்த ஒரு பெண்ணின் மேல். அவள் அந்தக் காகிதத்தைக் கடைசி வரை படிக்கப் போவதில்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அந்த யோசனை பிடித்திருந்தது. காகிதத்தை மெஷினில் சொருகியும் விட்டேன்.

அப்போதுதான் வராந்தாவில் ரோசம்மாளைப் பார்த்தேன். காலையிலிருந்தே தூணோரம் உட்கார்ந்திருந்தாளாம். நான் எழுந்து போனேன். என்னைப் பார்த்ததும் எழுந்துகொண்டு, “லாஞ்சு போயிட்டாம்மா?” என்றாள். நான் சொன்னேன். “நீங்க சொன்னத நான் தப்பா எழுதிட்டேன். தோணி வந்துட்டுன்னு எழுதிட்டேன்.”

அவளுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. என்னைத் திட்டவில்லை. பயந்துபோனாள். “நான் சரியாத்தானம்மா சொன்னேன்?” என்று கேட்டாள். தப்பு தன்னுடையதாக இருக்குமோ என்று பயந்தாள். தன் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லால் புருஷனுக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்று அவள் முகம் வெளுத்துப்போனது.

“நீங்க சரியாத்தான் சொன்னீங்க” என்றேன். அதற்குமேல் அண்ணாச்சி சொன்ன காகிதத்தை என்னால் அடிக்க முடியவில்லை. சொருகியதை உருவிக் கசக்கிப் போட்டுவிட்டு, பழைய காகிதத்தையே எடுத்துக்கொண்டு துரையின் அறைக்குள் போனேன்.

மணி பதினொன்று தாண்டியிருந்தது. துரை தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றார். விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் சிவந்தது. ஒரு வினைச்சொல்லுக்காகச் சர்க்கார் அதிகாரிகளை லாஞ்சிலிருந்து இறங்கச் சொல்வதா என்று கேட்டார். பிறகு, “அந்தப் பெண் பேச்சை மாற்றுகிறாளா?” என்றார். அண்ணாச்சி திறந்து வைத்த அதே கதவை அவரும் திறந்துவிட்டார். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் நான் தப்பித்துக்கொள்வேன். ஆனால் பேச்சை மாற்றுகிறவள் சொல்லை நம்பி யார் லாஞ்சை அனுப்புவார்கள்?

“இல்லை. அவள் இரண்டு நாளும் ஒன்றைத்தான் சொன்னாள். நான்தான் தப்பாக எழுதினேன்” என்றேன்.

அவள் சொன்ன தமிழ்ச் சொல் என்ன என்று கேட்டார். சொன்னேன். அதற்கு வந்துவிட்டது, வரவில்லை என்று இரண்டு அர்த்தமும் உண்டு என்றேன். “அப்படியானால் நீங்கள் எதைவைத்துக் கண்டுபிடிக்கிறீர்கள்?” என்றார். கிண்டலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

“சொல்கிறவர் முகத்தைப் பார்த்து” என்றேன். “நேற்று நான் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.”

துரை மேசையிலிருந்து ரப்பரை எடுத்து, ஓரத்தில் எழுதியிருந்த கள்ளுக்கடை வரியை என் கண்முன்னாலேயே அழித்தார். காகிதத்தை என் பக்கம் தள்ளினார். சரியாக எழுது என்றார். நின்றபடியே பேனாவால் என் வாக்கியத்தை அடித்துவிட்டு, ‘வாஸ் டு ஹேவ் அரைவ்டு ஆன் சாட்டர்டே’ என்று எழுதினேன். அது போதவில்லை என்று தோன்றியது. ‘அண்ட் ஹேஸ் நாட் அரைவ்டு’ என்றும் சேர்த்தேன். என் வாழ்க்கையில் அடித்தல் திருத்தலோடு நான் கொடுத்த முதல் காகிதம் அது. இந்தத் தப்பை உன் பைலில் எழுத வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டு, கையெழுத்துப் போட்டுக்கொண்டே வெளியே போனார். எழுதவும் செய்தார். மறு வருஷம் கோர்ட் வேலைக்கு விண்ணப்பித்தபோது அந்த ஒரு வரிக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

அதிகாரிகள் சாப்பாட்டுக் கூடைகளோடு இறங்கிக் கரையில் நின்றார்கள். சிராங்கு என்னைப் பார்த்து, “வாடக் காத்துல தெக்கதான் தள்ளிருக்கும். மணப்பாட்டுக்கு வெளியில ஒரு பாரு இருக்கு, நங்கூரம் பிடிச்சாலும் பிடிச்சிருக்கும். துவா செய்யி புள்ள” என்று சொல்லிவிட்டு லாஞ்சைத் தெற்கே திருப்பினார். வடக்கே போக வேண்டிய லாஞ்ச் அது.

வியாழக்கிழமை சாயங்காலம் லாஞ்ச் திரும்பியது. சிராங்கு சொன்ன பாரிலேயே தோணி கிடந்திருக்கிறது. வெள்ளிக்கிழமைக் காற்றில் பாய்மரம் முறிந்து விழுந்து, தண்ணீர்ப் பீப்பாய்களை நொறுக்கியிருக்கிறது. மிஞ்சிய ஒரே பீப்பாயை ஏழு பேரும் ஆளுக்கு ஒரு சிறு மூடி என்று அளந்து பகிர்ந்து குடித்திருக்கிறார்கள். படகுத்துறைப் பாலத்தில் கூட்டத்துக்குப் பின்னால் நின்று நான் எண்ணினேன். ஆறு பேர் இறங்கினார்கள். மிக்கேல் தண்டல் இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். “மாதாவே” என்று ரோசம்மாள் கத்திய சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. ஏழாவது ஆளைப் பாயில் சுற்றி இறக்கினார்கள்.

“சமையக்காரர் கித்தேரி மவுத்தாயிட்டாரு” என்று சிராங்கு என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். “வயசாளி, தாங்கல. நேத்து பொழுதடையத்தான் போனாராம்.”

நேற்றுப் பொழுதடைய. செவ்வாய்க்கிழமை மத்தியானம் லாஞ்ச் கிளம்பியிருந்தால், புதன்கிழமை காலையில் அங்கே போய் நின்றிருக்கும். கணக்குப் போட வேண்டாம் என்று நினைத்தும் மனசு போட்டுவிட்டது. அன்று நான் அழுதேன். கல்யாணம் நின்றபோதுகூட அப்படி அழவில்லை.

ஆறு பேரைக் காப்பாற்றினாய் என்று அண்ணாச்சி சொன்னார். பிறகு பலரும் சொன்னார்கள். நல்ல மனசோடுதான் சொன்னார்கள். நீங்களும் இந்தக் கதையை அப்படிச் சொல்லிக்கொள்ள வேண்டாம். தப்பை ஒத்துக்கொண்டது நல்ல காரியம்தான். ஆனால் அது தப்புக்கு ஒரு நாள் கழித்து வந்த நல்ல காரியம். இந்த வேலையில் நம்முடைய சொல்லைப் படிக்கிறவருக்கு நாம் கேட்ட குரல் கேட்காது, நாம் பார்த்த முகம் தெரியாது. அதனால் சந்தேகம் வந்தால் இலக்கணப் புத்தகத்தை அப்புறம் திறக்கலாம். முதலில் வந்தாரா, வரலையா என்று கேளுங்கள். சாட்சி உங்களை முட்டாள் என்று நினைத்தாலும் பரவாயில்லை. வக்கீல் சிரித்தாலும் பரவாயில்லை. கேட்டுவிட்டு, வந்த பதிலைத் தனி வாக்கியமாக எழுதுங்கள்.

பத்து நாள் கழித்து மிக்கேல் தண்டல் வாக்குமூலம் கொடுக்க ஆபீஸுக்கு வந்தார். கித்தேரி இறந்ததற்கு விசாரணை. வேறு யாராவது எழுதட்டும் என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். இங்கிலீஷ் எழுத வேறு ஆள் இல்லை. தண்டல் என் மேசைக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்தார். உதடு இன்னும் வெடித்துத்தான் இருந்தது. பாய்மரம் முறிந்தது, நங்கூரம் போட்டது, தண்ணீரைப் பகிர்ந்தது எல்லாம் நிதானமாகச் சொன்னார். நான் அடித்துக்கொண்டே வந்தேன். கித்தேரியிடம் வந்ததும் நிறுத்தினார். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“லாஞ்சு புதன்கிழம காலையிலயே வந்திருக்கணும்மா.”

என் கை நின்றது. அவர் எதைச் சொல்கிறார் என்று இந்த ஊரில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. கேட்காமலே எழுதியிருக்கலாம். ஆனாலும் மெஷினிலிருந்து கையை எடுத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்த்தேன்.

“வந்துச்சா, வரலையா?” என்று கேட்டேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ரோசம்மாள் அவரிடம் எல்லாம் சொல்லியிருப்பாள் என்று அந்தப் பார்வையில் தெரிந்தது. கோபம் இல்லை.

“வரலம்மா” என்றார்.

‘ஷுட் ஹேவ் கம்’ என்று அடித்தேன். அடுத்த வரியில், ‘இட் டிட் நாட் கம்’ என்று அடித்தேன். அவருக்குத் தமிழில் வாசித்துக்காட்டினேன். அவர் கைநாட்டு வைத்தார். அதற்குக் கீழே, மொழிபெயர்த்தவர் என்று இருந்த இடத்தில், நான் என் பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.